பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உறைபனி: பாப்புவா மலைக்கிராமங்களில் பசி எப்படி வருகிறது?

சிங்கப்பூரில் புகைமூட்டம் தலைப்புச் செய்தியாகிற ஆண்டுகளில் பாப்புவா மலைகளிலிருந்தும் ஒரு சின்னச் செய்தி வருவதுண்டு: உறைபனி, கருகிய பயிர், பட்டினி. 2023 ஜூலை இறுதியில் வந்த செய்தி இது. இந்தோனேசியாவின் மத்தியப் பாப்புவா மாநிலத்தில் புஞ்சாக் மாவட்டம். அதில் அகண்டுகுமே, லம்பேவி என்று இரண்டு வட்டாரங்கள். அங்கே ஆறு பேர் இறந்தார்கள், சுமார் 7,500 பேருக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை.

ஒரு செய்தி 'வறட்சி' என்றது, இன்னொன்று 'உறைபனி' என்றது. பூமத்திய ரேகையிலிருந்து நான்கே டிகிரி தள்ளியுள்ள இடத்தில் உறைபனியா? மழைக்காடு மண்டிய தீவில் வறட்சியா? அப்படியே இருந்தாலும் நாலு விமானத்தில் அரிசி அனுப்பினால் தீராதா? கேள்விகள் நியாயமானவைதான். பதில் அந்த ஊர்களின் உயரத்திலும், அவர்கள் சாப்பிடும் ஒரு கிழங்கிலும் இருக்கிறது.

முதலில் உயரம்

நியூகினி தீவு இரண்டு நாடுகளுக்குச் சொந்தம். மேற்குப் பாதி இந்தோனேசியா. கிழக்குப் பாதி 1975 செப்டம்பர் 16ல் சுதந்திரம் பெற்ற பாப்புவா நியூகினி. தீவின் நடுவே முதுகெலும்பாக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சி புஞ்சாக் ஜெயா, 4,884 மீட்டர். அங்கே 2024லும் கொஞ்சம் பனிப்பாறை மிச்சமிருந்தது, ஆண்டுக்காண்டு சுருங்கினாலும்.

கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6 முதல் 6.5 டிகிரி குறையும். சிங்கப்பூரின் சராசரியை 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே அட்சரேகையில் 2,500 மீட்டர் உயரத்தில் சராசரி 11 டிகிரிதான். நள்ளிரவில் அது இன்னும் இறங்கும். ஆக, 'வெப்பமண்டலம்' என்ற சொல் அந்த ஊர்களைப் பற்றிச் சொல்வது ஒன்றே ஒன்று: அங்கே கோடை, குளிர்காலம் என்ற பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. வெப்பமாக இருக்கும் என்று அது சொல்லவில்லை.

இவ்வளவு குளிரில் ஏன் குடியிருக்கிறார்கள்? முக்கியமான காரணம் மலேரியா. சுமார் 1,600 மீட்டருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தாக்குகளில் அது காலங்காலமாக ஆட்களைக் கொன்று வந்திருக்கிறது; உயரே போகப்போகக் கொசுவும் ஒட்டுண்ணியும் தாக்குப்பிடிப்பதில்லை. மேலே மண்ணும் நல்ல மண், மழையும் உண்டு. வெளியுலகம் வெறும் காடு என்று நினைத்திருந்த இடத்தில் மக்கள் நெருக்கமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1933ல் தங்கம் தேடிப் போன ஆஸ்திரேலியர்கள் வாகி பள்ளத்தாக்கின் மேல் பறந்தபோதும், 1938ல் ஓர் அமெரிக்கப் பயணக்குழு பலியம் பள்ளத்தாக்கை விமானத்திலிருந்து பார்த்தபோதும் கண்ணில் பட்டது வரப்பும் வாய்க்காலும் வேலியும் போட்ட தோட்டங்கள்.

மேகம் இல்லாத இரவு

உயரம் மட்டும் உறைபனியைக் கொண்டுவராது. வருடத்தின் பெரும்பாலான இரவுகளில் அந்த ஊர்களின் மேல் மேகம் போர்வை மாதிரி கிடக்கும். பகலில் நிலம் வாங்கிய சூடு இரவில் மேலே கிளம்பும்போது மேகம் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. வானம் தெளிவாக இருந்து, காற்று உலர்ந்து, அசைவில்லாமல் நின்றால் அந்தச் சூடு தடையில்லாமல் போய்விடும். தரையும் இலையும் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்கின்றன. காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே இலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து கீழே தேங்கும். அதனால் ஒரே ஊரில் மேட்டுத் தோட்டம் பச்சையாக நிற்கும். பள்ளத்துத் தோட்டம் ஒரே இரவில் கறுத்துப்போகும்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. டிசம்பர், ஜனவரியில் உதகையின் காந்தல், தலைக்குந்தா புல்வெளிகள் வெள்ளையாகக் கிடக்கும் படங்கள் தமிழ் நாளிதழ்களில் தவறாமல் வரும். உதகை 2,240 மீட்டர். நுவரெலியாவிலும் அதே மாதங்களில் தேயிலை கருகும். இரண்டு இடத்திலும் மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் பருவம் அது. உதகையில் உறைபனி வந்தால் சுற்றுலாப் பயணிகள் கூடுகிறார்கள். தேயிலை விவசாயிக்கு நட்டம்தான், ஆனாலும் ரேஷன் கடை திறந்திருக்கும், கோயம்புத்தூரிலிருந்து லாரி வந்துகொண்டிருக்கும். பாப்புவா மலையில் கருகுவது அந்த வீட்டின் சாப்பாடு.

புகைமூட்டமும் உறைபனியும் ஒரே வானத்தில்

சாதாரண ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் கிழக்கத்திக் காற்று வெப்பமான மேல்நீரை மேற்கே, இந்தோனேசியா, நியூகினி பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அந்த நீருக்கு மேலேதான் மேகமும் மழையும். எல் நினோ ஆண்டில் காற்று தளர்கிறது; வெப்பநீர் கிழக்கே நகர்கிறது; மேகமும் கூடவே போய்விடுகிறது.

இங்கே சிங்கப்பூரில் நமக்கு அதன் விளைவு நன்றாகத் தெரியும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிநிலம் (மக்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு மண்) காய்கிறது. நிலத்தைத் துப்புரவாக்க வைத்த தீ மண்ணுக்குள் இறங்கி வாரக்கணக்கில் புகைகிறது. தென்மேற்குக் காற்று புகையை நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சன்னல்வரை கொண்டுவருகிறது. 2015ல் காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டி, செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு, அதே மேகமற்ற வானத்தின் கீழ், பாப்புவா நியூகினியின் எங்கா, தெற்கு மலைப்பகுதி மாநிலங்களில் உறைபனி சர்க்கரைவள்ளித் தோட்டங்களை அழித்தது. 1997லும் இதே கதை. அந்த ஆண்டின் புகைமூட்டம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். மலையில் பசித்திருந்தவர்களைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.

ஆனால் இதை எல் நினோவோடு மட்டும் முடிச்சுப் போடக் கூடாது. இங்கே குறியீடு 401ஐத் தொட்ட 2013 ஜூன் எல் நினோ காலமல்ல. அங்கேயும் அப்படித்தான்: 2022ல் எல் நினோவுக்கு நேர்மாறான லா நினா நிலவியபோதே, பாப்புவாவின் லன்னி ஜெயா மாவட்டத்தில் குயாவகே பகுதி உறைபனியால் உணவின்றித் தவித்தது. போதிய உயரத்தில் இருக்கும் ஊருக்கு ஜூன், ஜூலையில் வரிசையாகச் சில தெளிந்த இரவுகள் போதும். எல் நினோ செய்வது அந்த இரவுகளை அதிகமாக்குவதும், வழக்கமாகத் தப்பிக்கும் தாழ்வான ஊர்களையும் அதில் சேர்த்துவிடுவதும். வழக்கமாக 2,200 மீட்டருக்கு மேல்தான் உறைபனி பயம். கடுமையான ஆண்டுகளில் அந்தக் கோடு கீழே இறங்கிவிடும்.

'வறட்சியா, உறைபனியா' என்ற குழப்பத்துக்கும் இதுதான் விடை. மேகம் போனால் பகலில் வறட்சி, இரவில் உறைபனி. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

கிழங்கின் நாட்காட்டி

இந்த மலைகளில் மூன்று வேளைச் சாப்பாடு என்பது பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பாப்புவா நியூகினியில் அதை கௌகௌ என்பார்கள். இது தென் அமெரிக்கப் பயிர். மலைக்கு வந்து சேர்ந்து சுமார் 300 ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முன்னும் இங்கே பழுத்த விவசாயம் இருந்தது. மவுண்ட் ஹாகன் நகருக்குப் பக்கத்தில் உள்ள குக் சதுப்புநிலத்தில் குறைந்தது 7,000 ஆண்டுப் பழமையான வேளாண்மைத் தடயங்கள் இருக்கின்றன. 2008ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. ஆனால் பழைய பயிரான சேம்பு அதிக உயரத்தில் சரியாக விளையாது. சர்க்கரைவள்ளி விளையும். அது வந்த பிறகுதான் மக்கள் இன்னும் மேலே ஏறி ஊர் அமைத்தார்கள். உறைபனி விழும் உயரத்தில் இவ்வளவு ஊர்கள் இருப்பதற்கே இந்தக் கிழங்குதான் காரணம் என்று சொல்லலாம். காப்பாற்றுவதும் அதுதான், மாட்டிவிடுவதும் அதுதான்.

பசி எப்போது வரும் என்று புரிந்துகொள்ள, அந்தக் கிழங்கைப் பற்றி நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்.

1. மெதுவாக விளையும். 1,500 மீட்டரில் ஐந்தாறு மாதத்தில் தோண்டலாம். 2,500 மீட்டரில் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும்.

2. சேமித்து வைப்பதில்லை. நெல்லைப்போல் அறுத்துக் குதிரில் கொட்டும் பழக்கம் இதில் இல்லை. கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். பெண்கள் அன்றன்றைக்கு வேண்டியதைத் தோண்டி வலைப்பையில் போட்டு, பையின் வாரை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்துவருவார்கள். வெவ்வேறு மாதங்களில் நட்ட தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகொடுக்கும். களஞ்சியம் என்று தனியாக ஒன்று இல்லை.

3. விதை என்பது கொடி. கிழங்கை நடுவதில்லை, கொடியை முழநீளத்துக்கு வெட்டி நடுகிறார்கள். தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் சர்க்கரைவள்ளிக் கீரையைத் தெரியுமல்லவா, அந்தக் கொடியேதான். உறைபனி கொடியைக் கொன்றால் இந்தப் போகமும் போயிற்று, அடுத்த போகத்துக்கான விதையும் போயிற்று. செய்திகளில் கண்ணில் படாமலே போவது இந்த இரண்டாவது இழப்பு.

4. பன்றியும் அதைத்தான் தின்கிறது. விளைச்சலில் பெரும்பங்கு பன்றிகளுக்குப் போகிறது. பன்றிதான் அந்த வீட்டின் சேமிப்பு. கல்யாணச் சீர், சண்டைக்கு ஈடு, விருந்து எல்லாம் பன்றிக் கணக்கில்தான். கிழங்கு குறைந்தால் முதலில் பன்றியை வெட்டுகிறார்கள். வயிறு ஒரு மாதம் தாங்கும், சேமிப்பு காலியாகிவிடும்.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். உறைபனி விழுந்த வாரம் யாரும் பட்டினி கிடப்பதில்லை. முற்றிய கிழங்கு மண்ணில் இருக்கிறது, பன்றி இறைச்சியும் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அதிகாரி ஒருவர் வந்து பார்த்தால் 'நிலைமை கட்டுக்குள்' என்று எழுதிவிட்டுப் போவார். இரண்டு மூன்று மாதத்தில் முற்றியது தீர்ந்துவிடும். இளங்கிழங்கு இலையில்லாமல் வளராது, பெரும்பகுதி நீர்கோத்து அழுகும். அப்போதுதான் செய்தி வெளியே வருகிறது, நிவாரணம் கிளம்புகிறது. அப்புறம் மழை திரும்புகிறது, மலை பச்சையாகிறது. வறட்சி முடிந்தது என்று அறிவித்து விமானத்தை நிறுத்திவிடுகிறார்கள். கொடி எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து நட்ட தோட்டம் விளைய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. மலை பச்சையாக இருக்கிற அந்த மாதங்கள்தான் இருப்பதிலேயே மோசமானவை.

ஊர்க்காரர்கள் வைத்திருந்த ஏற்பாடு

உதவி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சமூகம் அல்ல இது. எங்கா மக்களிடம் மூன்று அடுக்கு ஏற்பாடு இருந்தது.

முதலாவது, மண்மேடு. காய்ந்த புல், பழைய கொடி, இலைதழை எல்லாவற்றையும் வட்டமாகக் குவித்து, மேலே மண்ணை இழுத்துப் போட்டு, சுமார் மூன்று மீட்டர் குறுக்களவுள்ள மேடு கட்டுவார்கள். உள்ளே தழை மக்கி உரமாகும். மேட்டின் உச்சிப்பகுதியில் குளிர் தாங்காத சர்க்கரைவள்ளி. குளிர்காற்று தேங்கும் அடிவிளிம்பில் உருளைக்கிழங்கு மாதிரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் பயிர்கள். தரையிலிருந்து ஓரிரு அடி உயர்ந்தாலே சாதாரண உறைபனியிலிருந்து இலை தப்பிவிடும். பார்க்க வெறும் மண்குவியல்தான். நான் படித்த வேளாண் நுட்பங்களில் இவ்வளவு சிக்கனமானது வேறில்லை.

இரண்டாவது, ஒரே குடும்பம் பள்ளத்திலும் சரிவிலுமாகத் தோட்டம் வைத்திருப்பது. ஒன்று போனால் ஒன்று மிஞ்சும்.

மூன்றாவது, இடம்பெயர்வது. பனி கடுமையாக விழுந்தால் குடும்பமாகக் கிளம்பி, சில நாள் நடை தூரத்தில் தாழ்வான பள்ளத்தாக்கிலிருக்கும் சம்பந்தி வீட்டுக்கோ மாமன் மச்சான் ஊருக்கோ போய்விடுவார்கள். அங்கேயே தோட்டம் போட்டு, ஓராண்டோ அதற்கு மேலோ இருந்துவிட்டு, கொடியோடு திரும்புவார்கள். பெண் கொடுப்பதும் பன்றி கைமாறுவதும் இந்த உறவை உயிரோடு வைத்திருக்கும். நாளைக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிவரும் என்று தெரிந்துதான் சம்பந்தம் பேசினார்கள்.

1972ல் பெரிய உறைபனி வந்தபோது அப்போதைய ஆஸ்திரேலிய நிர்வாகம் பெருமளவில் உணவு விநியோகித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் உணவு ஊருக்கே வந்ததால் மக்கள் கிளம்பவில்லை. மூன்றாவது அடுக்கு தளர்ந்தது அங்கேதான் என்பது பின்னால் ஆய்வாளர்கள் வைத்த விமர்சனம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. இடம்பெயர்வு என்பது கேட்க அழகாக இருக்கும். நடக்கும் வழியில் குழந்தைகளும் முதியவர்களும் படும் பாடு, கீழே காத்திருக்கும் மலேரியா எல்லாம் அதன் விலை. இன்று கீழே இருக்கும் நிலமும் நெருக்கடியாகிவிட்டது. குலச்சண்டையும் துப்பாக்கியும் சேர்ந்த பகுதிகளில் அடுத்த குலத்தின் நிலத்தைத் தாண்டி நடப்பதே ஆபத்து. பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று இங்கிருந்து சொல்வது சுலபம்.

சாலை இல்லாத கணக்கு

சாங்கியிலிருந்து போர்ட் மோர்ஸ்பிக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். ஆனால் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைப்பகுதிக்குச் சாலை கிடையாது. நாட்டின் தலைநகரிலிருந்து மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிக்குத் தரைவழி இல்லை என்பதை நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மலைக்குப் போகும் நெடுஞ்சாலை வடகரையில் லே துறைமுகத்திலிருந்து தொடங்குகிறது. மண்சரிவில் அது துண்டிக்கப்படுவதும் வாடிக்கை. சாலையிலிருந்து விலகிய ஊர்களுக்குப் புல்வெளி ஓடுதளம்தான் வழி. மலைச்சரிவிலேயே வெட்டியது, விமானம் ஏற்றத்தில் இறங்கி, இறக்கத்தில் கிளம்பும். மதியம் மேகம் மூடிவிட்டால் அன்றைய பறப்பு முடிந்தது.

இப்போது 'நாலு விமானத்தில் அரிசி' என்ற யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி என்றால் புஞ்சாக்கின் அந்த 7,500 பேருக்கு 3,000 கிலோ, அதாவது 3 டன். இந்த ஓடுதளங்களில் இறங்கும் சிறிய ஒற்றை எஞ்சின் விமானம் சுமார் ஒரு டன் ஏற்றும். அரிசிக்கு மட்டும் தினமும் மூன்று நடை, எண்ணெயும் பருப்பும் மருந்தும் சேர்க்காமல். வானிலை ஒத்துழைத்தால் சரி.

2023ல் அதுவும் எளிதாக இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் பாப்புவாவின் இன்டுகா மாவட்டத்தில் பிரிவினைவாதப் போராளிகள் நியூசிலாந்து விமானி ஒருவரைப் பிடித்துவைத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில்தான் விட்டார்கள். விமானிகள் அந்தப் பக்கம் பறக்கத் தயங்கினார்கள். நிவாரணம் சினாக் ஓடுதளத்தில் இறக்கப்பட்டது. பசியில் இருந்தவர்களே அங்கே நடந்துவந்து சுமந்துபோக வேண்டியிருந்தது.

அரிசி வந்தாலும் இன்னொரு சிக்கல்: குறைந்த காற்றழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அதனால் அரிசி வேக நேரமும் விறகும் கூடுதலாகச் செலவாகும். கிழங்கென்றால் தணலில் புதைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

வீட்டுக்குள்ளே

தாழ்ந்த கூரை, புகைபோக்கி கிடையாது, நடுவில் இரவெல்லாம் எரியும் நெருப்பு. குளிருக்கு அதை விட்டால் வழியில்லை. நாம் சில வாரம் முகக்கவசம் போட்டுச் சமாளிக்கும் புகையை அவர்கள் வருடம் முழுக்க வீட்டுக்குள் சுவாசிக்கிறார்கள். சுருட்டைத் தொடாதவர்களுக்கும் நாட்பட்ட நுரையீரல் நோய் வருவது அங்கே பழைய பிரச்சினை. கிழங்கில் மாவுச்சத்து தாராளம், புரதம் மிகக் குறைவு. பாப்புவா நியூகினியில் ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். உறைபனி விழுவதற்கு முன்பே நிலைமை இது.

செய்தியில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

1. இறப்புக் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் தெரியும். பஞ்சத்தில் நேரடியாகப் பசியால் சாகிறவர்கள் குறைவு. வலுவிழந்த உடம்பை வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொண்டுபோகின்றன. 2023ல் இறந்த ஆறு பேருக்கும் சொல்லப்பட்ட அறிகுறிகள் அவைதான். 'பசியால் அல்ல, நோயால்' என்று அதிகாரிகள் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. முழு உண்மையும் அல்ல.

2. 'பாதிக்கப்பட்டோர்' என்பது பல வேளைகளில் அந்த வட்டாரத்தின் மொத்த மக்கள்தொகை. மேட்டில் தோட்டம் வைத்துத் தப்பியவரும் அதில் அடக்கம்.

3. தேதியைப் பாருங்கள். ஜூலை இறுதியில் பசிச் செய்தி வந்தால் கொடி கருகியது அதற்கும் முன்னால். ஆகஸ்டில் வெளியூரிலிருந்து கொடி கொண்டுவந்து நட்டாலும், அந்த உயரத்தில் முதல் கிழங்கு தோண்ட அடுத்த ஆண்டு மே ஆகிவிடும். நிவாரணப் பொருள் எத்தனை டன் போயிற்று என்பதைவிட எந்த மாதம்வரை போகிறது, அதில் நடவுக்கான கொடி இருக்கிறதா என்ற இரண்டையும் தேடிப் பார்ப்பது அதிகம் சொல்லும். பெரும்பாலான அறிக்கைகளில் அரிசி, நூடல்ஸ், போர்வை, கூடாரத்துணி என்று பட்டியல் நீள்கிறது, கொடி இருப்பதில்லை.